நேர்ச்சை வாளி

என் வாய்க்குள் அடுத்தவர் விரல் போய் வந்ததை நான் எப்படிச் சகித்தேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

முடக்குவாதம் எனக்கு முதலில் விரல் கணுக்களில்தான் வந்தது. அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கால். கடைசியில் இரண்டு முழங்கையையும் பிடித்தது. பிடித்தது என்றால் பிடித்ததுதான், விடவே இல்லை. கை பாதி நீட்டிய வாக்கில் அப்படியே நின்றுவிட்டது. மடக்கினால் உயிர் போகும், மடக்காவிட்டால் சோறு வாய்க்கு வராது. அப்போது கானாடுகாத்தானில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். கரும்பலகைக்குக் கை எட்டாமல் போனபோது பிள்ளைகளை எழுதச் சொல்லிச் சமாளித்தேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் போனதும் வேலையை விட்டேன். தலை வாருவது, ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்டுவது, நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வது என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். சாப்பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் சகாய ஆண்டனி கரண்ட் ஆபீஸில் கிளார்க். முதல் ஒரு வாரம் அவர்தான் ஸ்பூனால் ஊட்டினார். பேப்பர் படித்துக்கொண்டே ஊட்டுவார், ஸ்பூன் பல்லில் இடிக்கும், சில சமயம் மூக்குக்குப் போகும். பிறகு "அக்கா பாத்துக்கிரும்" என்று சொல்லி நழுவிவிட்டார். அக்கா என்பது சவேரியம்மாள். எனக்கு நாத்தனார், மதினி என்று கூப்பிடுவேன். புருஷன் போன பிறகு செக்காலையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே தனியாக இருந்தார்.

மதினி ஊட்டினார். வருஷக்கணக்கில், வேளை தவறாமல் ஊட்டினார். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் எப்படி ஊட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மீன்குழம்பையும் ரசத்தையும் மோரையும் ஒரே தட்டில் ஊற்றிப் பிசைவார். "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானத்தா" என்பார். உப்பு சரியா என்று பார்க்க அந்த விரலையே நக்குவார், நக்கிய விரலாலேயே அடுத்த உருண்டையை உருட்டுவார். நகக்கண்ணில் நேற்று அரைத்த மஞ்சள் இருக்கும். எந்நேரமும் வெற்றிலை குதப்பும் வாய், பேசும்போது சிவப்பாக ஒரு துளி தட்டில் தெறிக்கும். அதையும் சேர்த்து உருட்டுவார். வாசலில் கீரைக்காரி குரல் கேட்டால் கையில் உருண்டையோடு எழுந்து போய், பேரம் பேசி, ஊர்க்கதை பேசி, ஆறிப்போன அந்த உருண்டையோடு திரும்பி வருவார். "ஆ காட்டு ஆத்தா." நான் ஆ காட்டுவேன். விரல் நாக்கில் பட்டு, கடைவாய்வரை போய், வழித்துக்கொண்டு வெளியே வரும். என் உதட்டோரம் வழிந்ததை, சற்று முன்னால் தான் மூக்குச் சிந்திய முந்தானையால் துடைத்துவிடுவார். அவர் போனதும் எனக்கு உடனே வாய் கொப்பளிக்க வேண்டும்போல இருக்கும். கொப்பளிக்கச் சொம்பைத் தூக்க வேண்டுமே. அதற்கும் மதினியைத்தான் கூப்பிட வேண்டும். எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள்கூட நான் முகம் சுளிக்கவில்லை. சுளித்தால் அடுத்த வேளைக்கு வராமல் போய்விடுவாரோ என்று பயம். அடுத்தவர் கையை எதிர்பார்த்துப் பசியோடு இருப்பவளுக்கு அருவருப்புப் படக்கூட வழியில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மதினிக்கோ எங்கள் கோயில் பங்குச் சனம் முழுக்க நல்ல பேர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் கூடி நிற்கும்போது, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "நாந்தேன் ஊட்டிவிடுறேன், பச்சப்புள்ள கணக்கா வாயத் தொறக்கும்" என்பார். பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

முழங்கை மூட்டை எடுத்துவிட்டு வேறு மூட்டு வைக்கிற டாக்டர் ஒருவர் மதுரையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தொண்ணூற்றாறில் போய்ப் பார்த்தோம். அவர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கைய வச்சு என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?" என்று கேட்டார். அப்படி என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை.

"சோறு திங்கணும் சார். என் கையால."

"அதுக்குத்தான் இந்த ஆபரேஷன். அதுக்கு மட்டுந்தான்" என்றார். என் வீட்டுக்காரரையும் அருகில் உட்கார வைத்து விளக்கிச் சொன்னார். கதவுக்குப் போடுகிற கீல் மாதிரி ஒரு சாமானை மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் செருகி வைப்பார்கள். வலி போகும், கை மடங்கும். ஆனால் வாதம் அரித்த எலும்பு, கனம் தாங்காது. "ஒரு சொம்புத் தண்ணி. அதுக்கு மேல இந்தக் கையில எடுக்கவே கூடாது, சாகிற வரைக்கும். எடுத்தா உள்ள பிடிப்பு விட்டுப்போகும். மறுபடியும் வைக்க எலும்பு மிச்சம் இருக்காது." சகாய ஆண்டனி தலையைத் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுவார்.

வலது கைக்கு ஆபரேஷன் நடந்தது. அதே வாரத்தில் அதே டாக்டரிடம் அதே ஆபரேஷன் செய்துகொண்டவள் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். நாகவல்லி என்று பேர். திருக்கோஷ்டியூர்ப் பக்கம் ஒரு கிராமம், காட்டு வேலை செய்கிறவர்கள். அவளுக்கும் என் வியாதிதான். கட்டைப் பிரித்து, கையை மடக்கப் பழக்கி, ஒரு மத்தியானம் இரண்டு பேருக்கும் முன்னால் தயிர்ச்சோற்றை வைத்துவிட்டு நர்ஸ் போய்விட்டாள். எனக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடந்தன, இன்றுவரை அப்படித்தான் இருக்கின்றன. மீதி மூன்று விரலால் அள்ளினேன். கை தடுமாறி, மோவாயில் இடித்து, வாய்க்கு வந்து சேர்ந்தது. என் விரலின் ருசி எனக்கு மறந்தே போயிருந்தது. திரும்பிப் பார்த்தால் நாகவல்லி முகமெல்லாம் தயிராக உட்கார்ந்து அழுகிறாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே இரண்டு பேரும் தட்டை வழித்தோம்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது ஊருக்குத் திரும்பிய பிறகுதான். ஆபரேஷனுக்கு என்னை உள்ளே கொண்டுபோயிருந்த நேரத்தில் சகாய ஆண்டனி வராந்தாவில் முழந்தாள் போட்டு அழுது ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். எங்கள் தெருக்கோடியில் அந்தோணியாருக்கு ஒரு குருசடி, சிலுவை நட்ட சின்னக் கோயில், இருக்கிறது. ஜூன் மாதம் திருநாளன்று அங்கே அசனம் போடுவார்கள், சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. வேண்டுதல் பலித்தவர்கள் சாம்பாரின் முதல் வாளியை அடுப்படியிலிருந்து குருசடிவரை தூக்கி வர வேண்டும். நடுவில் கீழே வைக்கக் கூடாது. சாமியார் மந்திரித்த பிறகு அந்த வாளியிலிருந்துதான் பந்திக்கு ஊற்றத் தொடங்குவார்கள். கை சுகமானால், சுகமான அந்தக் கையாலேயே நான் முதல் வாளியைத் தூக்குவேன் என்று என் புருஷன் நேர்ந்திருந்தார்.

அவர் அழுதது நிஜம்தான், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நேர்ந்துகொள்ளத் தன் கை இரண்டு நன்றாக இருக்கும்போது, எதற்கு என் கையைப் பிடித்து நேர்ந்தார்?

முதல் வருஷத் திருநாள், கட்டுப் பிரித்த புதுசு என்று தப்பித்தேன். அடுத்த வருஷத்துக்குள் என் கை ஊர்ச்சொத்து ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு உடனே கையை மடக்கச் சொல்வார்கள். தழும்பைத் தடவிப் பார்ப்பார்கள். "காந்தம் ஒட்டுமா டீச்சர்?" என்று ஒருத்தர் கேட்டார். ஒருத்தி ஒரு முழுத் தேங்காயை நீட்டி, "இதத் தூக்குங்க, பாப்பம்" என்றாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "எல்லாம் அந்தோணியார் புதுமை" என்பார். என்னை அறுத்த டாக்டர் பேரை அவர் ஒரு வாட்டிகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. மதினி மட்டும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். ஊட்டுகிற வேலை போனதிலிருந்து கோயில் வாசலில் அவரிடம் யாரும் நின்று பேசுவதில்லை.

திருநாளுக்கு முந்தின வாரம் கையைக் காட்டிவர மதுரைக்குப் போனேன். சகாய ஆண்டனிக்கு அசனக் கமிட்டி வேலை, வரவில்லை. தனியாகத்தான் போனேன். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். சீழ் வாடை. நானும் தள்ளித்தான் போயிருப்பேன், அவள் "டீச்சரக்கா" என்று கூப்பிடாமல் இருந்திருந்தால்.

நாகவல்லி. வலது கையை மடியில் கிடத்தி வைத்திருந்தாள். முழங்கையில் சுற்றியிருந்த துணி மஞ்சளாக நனைந்திருந்தது. எனக்கு உள்ளே போகவேண்டிய முறை வந்தும் நான் எழவில்லை, அவளிடம் கேட்டேன்.

"எல்லாத்தையும் எடுத்துப்புட்டாகக்கா. ஆட்டங்கண்டு, புண்ணு வச்சு, சீழ் கோத்துப்போச்சு. இனி அந்தச் சாமான வைக்க முடியாதாம். எலும்பில்லையாம்."

"சொம்புத் தண்ணிக்கு மேல தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே நாகவல்லி."

"சொன்னாக. வீட்டுல போயி யாருகிட்டச் சொல்ல? இரும்புக் கையின்னுட்டாக. குடத்தத் தூக்குன்னாக, தூக்குனேன். சாணிக் கூடையத் தூக்குன்னாக, தூக்குனேன். வலி இல்லாம இருந்துச்சா, எனக்கும் சந்தோசமாத்தேன் இருந்துச்சு."

அவள் புருஷன் மலையாண்டி சுவரோரம் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "நல்லாத்தான் வேல பாத்துச்சு டீச்சர், ரெண்டு ஆள் வேல பாத்துச்சு, திடீர்னு இப்புடி ஆகிப்போச்சு" என்றான். ரிப்பேரான பம்புசெட்டைப் பற்றிப் பேசுவது மாதிரி இருந்தது. எனக்கு அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல வந்தது.

நாகவல்லி இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே இருந்த பாகம் ஈரத்துணி மாதிரி தொங்கி ஒரு பக்கமாகத் திரும்பியது. "எனக்கு மறுபடியும் ஊட்டித்தேன் விடுறாகக்கா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் வாயைப் பார்த்தேன். உதட்டோரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது. துடைத்துவிட ஆளில்லை.

வீட்டுக்கு வந்து அன்றே சகாய ஆண்டனியிடம் சொன்னேன். நாகவல்லியைப் பற்றி எல்லாம் சொன்னேன். துணியைப் பற்றி, வாடையைப் பற்றி, தொங்கின கையைப் பற்றி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "சோத்துல கைய வச்சிருக்கையில இதச் சொல்லணுமா?" என்றார்.

"நான் வாளியத் தூக்க மாட்டேங்க."

"ஒரே ஒரு வாளிதானே இன்பமேரி. அந்தப் பிள்ள வருசம் பூரா தூக்குச்சு. நீ அடுப்படியில இருந்து குருசடிக்கு வாரே, அம்புட்டுத்தேன்."

"வாளி கனம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அந்தோணியார் குடுத்த கை. கனம் என்னன்னு அவருக்குத் தெரியாதா?"

"சரி, அடியில கொஞ்சூண்டு ஊத்தித் தாங்க. தூக்குறேன். இல்லையா, நேந்துக்கிட்ட நீங்களே தூக்குங்க, நான் பக்கத்துல வாரேன்."

"கால் வாளியத் தூக்கிட்டு வந்தா சனம் சிரிக்காதா? கமிட்டியில சொல்லியாச்சு. இஞ்ஞாசிமுத்து மைக்குல சொல்லப்போறாக. இப்பப் போயி மாத்துனா என் மூஞ்சிய எங்குட்டுக் கொண்டுபோயி வைக்கிறது?"

அவருக்கு மூஞ்சிதான் பிரச்சினை. நான் அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். விரல்களைக் குவித்து, மடக்கி, வாய்க்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவருகிறார். எப்படி மடங்குகிறது என்று ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார். பிறந்ததிலிருந்து இனாமாகக் கிடைத்த முழங்கை.

திருநாளன்று பூசை முடிந்து சனம் வரிசை வரிசையாக உட்கார்ந்தது. இலை போட்டுச் சோறு வைத்தாகிவிட்டது. கொட்டகையில் அடுப்புக்குப் பக்கத்தில் முதல் வாளி தயாராக இருந்தது. கழுத்துவரை சாம்பார். மேலே எண்ணெயும் கத்தரிக்காயும் மிதந்தன. அசனக் கமிட்டித் தலைவர் இஞ்ஞாசிமுத்து மைக்கில், "நம்ம சகாய ஆண்டனி வீட்டம்மா, இன்பமேரி டீச்சர், முடங்கிப்போன கையால இப்ப முதல் வாளியத் தூக்கி வருவாக. அந்தோணியார் புதுமையக் கண்ணாரப் பாருங்க" என்றார். சகாய ஆண்டனி பட்டுக்கரை வேட்டியும் சிரிப்புமாகப் பக்கத்தில் நின்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

நான் குனிந்து வாளியின் காதைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை, அத்தனை கண் பார்த்தால் கை தானாகப் போகிறது. லேசாக இழுத்துப் பார்த்ததுமே முழங்கைக்குள் ஏதோ ஒன்று உஷாரானது. வலி இல்லை. நாகவல்லிக்கும் வலி இருந்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. கையை விட்டேன்.

"நேந்தது உங்க வாய். தூக்க வேண்டியதும் உங்க கைதான்" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. வகுப்பில் பேசிய குரல், மைக் வேண்டியதில்லை.

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, எடுத்து வைக்க மறந்துபோன மாதிரி. நான் போய்ப் பெண்கள் வரிசையில் காலியாக இருந்த ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சோறு ஆறுகிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். வேறு வழியில்லாமல் சகாய ஆண்டனியே வாளியைத் தூக்கி வந்தார். சாமியார் மந்திரித்தார், ஆள் ஏன் மாறியது என்று கேட்கவில்லை. சாம்பார் என் இலைக்கு வந்ததும் பிசைந்து சாப்பிட்டேன். மோவாயில் ஒரு பொட்டு படாமல் சாப்பிட்டேன். ஒருத்தர்கூட அதைப் பார்க்கவில்லை. "அப்ப கை சொகமாகலையா?" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "ஆபரேசன் தோத்துப்போச்சாம், பாவம்" என்றது இன்னொரு குரல். உச்சுக்கொட்டினார்கள். கண்ணுக்கு முன்னால் அள்ளி அள்ளித் தின்கிற கையை விட்டுவிட்டு, தூக்காத வாளியைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் மத்தியானம். சகாய ஆண்டனி என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் ஆபீஸ் போயிருந்தார். நான் சின்னச் சட்டியில் எனக்கு மட்டும் சமைத்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரப் போனேன். பின்வாசல் வழியாக மதினி வந்தார். கையில் தட்டு. மீன்குழம்பும் ரசமும் மோரும் ஊற்றி ஏற்கெனவே பிசைந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி, ஒரு வருஷமாக நான் அதைப் பார்க்கவில்லை.

"உக்காரு ஆத்தா" என்றார். "தம்பி சொல்லிட்டுப் போனான். கை சரியாகலேல்ல, இனி நான் பாத்துக்கிறேன்."

"மதினி, நான் தினமும் சாப்பிடுறதப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீக."

"பாத்தேன், பாத்தேன். ஒரு வாளி தூக்க முடியாத கையி என்ன கையி? சும்மா வைராக்கியம் பாக்காத. ஊரே பரிதாபப்படுது. ஆ காட்டு."

உருண்டை என் வாய்க்கு நேரே வந்தது. வெற்றிலை வாடை. விரல் இடுக்கிலிருந்து மோர் வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. அத்தனை வருஷத்துக் குமட்டலும் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறியது. தட்டிவிட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். நான் வலது கையை மடக்கி, மூன்று விரலால் அந்த உருண்டையை அவர் கையிலிருந்து எடுத்தேன். ஒரு சொம்புத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது.

"ஆ காட்டுங்க மதினி" என்றேன்.

அவர் திகைத்துப்போய் வாயைத் திறந்தார். ஊட்டுகிற கை வாய்க்கு முன்னால் வந்தால் யாருக்கும் வாய் திறந்துகொள்ளும்போல. உள்ளே வைத்தேன். என் விரல் அவர் நாக்கில் பட்டது. கடைவாய்வரை கொண்டுபோய், வழித்துக்கொண்டு வெளியே எடுத்தேன். அவர் கண்ணை இறுக மூடினார். மூக்கு சுருங்கியது, தோள் இரண்டும் காதுவரை ஏறின. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னம் உப்ப நின்றார்.

"முழுங்குங்க" என்றேன். விழுங்கினார். உதட்டோரம் வழிந்ததை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

மதினி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறு தட்டு எடுத்து, சோற்றை ஒரு பக்கமும் மீனை ஒரு பக்கமுமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்கட்டுக் குழாயடியில் மதினி வாய் கொப்பளிக்கிற சத்தம் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.